ஏட்டு சென்னியப்பனுக்கு

மூன்று முறை வானத்தைச் சுட்டோம்.
ஒவ்வொரு வேட்டுக்கும்
சோளக்காட்டு மயில்கள் பதிலுக்கு அகவின.
சிரிப்பை அடக்கியதில் என் துப்பாக்கி நடுங்கியது.

“சென்னிமலையான் வண்டியை
நான் எப்படிங்க புடிக்கறது?”
விதை பறிகொடுத்து வந்தவர்களிடம்
இதைச் சொல்லிச் சொல்லியே மனு வாங்குவீர்கள்.
பதினேழு மனுக்கள்
அலமாரியில் கிடக்கின்றன, அண்ணா.

கீழ்பவானி வாய்க்காலில்
நீங்கள் கரைக்குத் தள்ளிவிட்ட பையன்
கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறான்.
யாரும் அவனைத் திட்டவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை போல.

கொடியை மடித்துத் தொப்பியோடு நீட்டினார் எஸ்.பி.
வாங்கிக்கொண்ட அண்ணி
வண்டி எங்கே என்றுதான் கேட்டார்.

அறச்சலூர் வாய்க்கால் மேட்டில், அண்ணி.
சாவி அதிலேயே இருக்கிறது.
அவர் எஞ்சினை அணைக்கவில்லை.
பெட்ரோல் தீரும்வரை
ஓடிக்கொண்டே இருந்ததாம்.