மார்புச் சூட்டில் மூன்று குப்பிகள்

உலான்பாத்தரில் கரிப்புகை தரையில் படுக்கும் மாதம்.
நான்காம் மாடி நடைவழியில் பெஞ்சு போதவில்லை.
பதினான்கு வயது எர்ஹெம்பாயர்
எட்டு வயது உயரத்தில் நின்றுவிட்டவன்,
சுவரின் அளவுகோலைப்
பார்க்காத மாதிரி பார்க்கிறான்.
ஆறு வயதில் மார்பு அரும்பிய சிறுமி
அக்காவின் கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறாள்.
தைராய்டு இல்லாமல் பிறந்த கைக்குழந்தை
யாரையும் சட்டை செய்யாமல் தூங்குகிறது.

ஹார்மோன் ஒரு தபால்,
இங்கே வருகிறவர்கள் தபால் வராத வீட்டுக்காரர்கள்,
சிலருக்கு அவசரப்பட்டு முன்பே வந்துவிட்டது
என்று டாக்டர் நர்மந்தாக் மாணவர்களிடம் சொல்வார்.
எனக்கு அந்த உவமை பிடிபடவில்லை.
நான் நர்ஸ். எடை பார்ப்பேன். ஊசி எண்ணுவேன்.
இரவில் போன் எடுப்பேன்.

தாஷ்ஸெவெக் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் வந்திருந்தார்,
ஏழு வயது பில்கூனைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு.
மூன்று வாரம் தாகம். பனியை அள்ளித் தின்றிருக்கிறான்.
கால்சராய்க் கயிறு இரண்டு முடிச்சு உள்ளே போயிருந்தது.

ஐந்து நாள் சொட்டு மருந்து.
ஆறாம் நாள் பாடம்.
"இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்"
என்றது அச்சடித்த தாள்;
ஏதோ வெயில் ஊரில் எழுதியது.
அந்த வரியைப் பேனாவால் அடித்தேன்.
வெளியே மைனஸ் முப்பத்தைந்து.
உறைந்தால் செத்துவிடும் இந்த மருந்து,
உருகினாலும் பிழைக்காது,
பார்வைக்கு மட்டும் அப்படியே இருந்து ஏமாற்றும்.
எங்கே வைப்பீர்கள்?

மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினார்.
உள்ளே, விலா எலும்போடு ஒட்டி, ஒரு தோல் பை.
"போன வசந்தத்தில் குறைமாத ஆட்டுக்குட்டியை
இங்கேதான் வைத்திருந்தேன்."
மூன்று குப்பிகள் உள்ளே போயின.

பிறகு கொழுக்கட்டைக் கணக்கு.
இறைச்சிக்கு அல்ல, மாவுக்குத்தான் ஊசி.
ஒரு பூஸுக்கு இவ்வளவு. எத்தனை தின்பான்?
"அவன் எண்ணித் தின்றதில்லையே."
இனி எண்ணுவான் என்றேன்,
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
பில்கூன் கேட்டது ஒன்றுதான்:
பந்தயத்தில் குதிரை ஓட்டலாமா?
பையில் சர்க்கரைக் கட்டி இருந்தால் பேசலாம் என்றார் டாக்டர்.
"அது குதிரையோடது" என்றான்.

பழைய வருடத்தின் கடைசி இரவு
இரண்டு நாற்பதுக்குப் போன்.
சிக்னலுக்காகக் குன்றேறி நிற்கிறார்; காற்று அவரைவிட உரக்கப் பேசுகிறது.
கீழே கூடாரத்தில் மனைவி, மகன்.
இடையே ஒரு டார்ச் விளக்கு.
"இரண்டு புள்ளி மூன்று. நடுங்குகிறான்."
விழுங்குகிறானா?
கீழே விளக்கு ஒருமுறை மினுங்கியதாம். விழுங்குகிறான்.
சர்க்கரை கொடுங்கள்.
"தீர்ந்துவிட்டது. எல்லாம் குதிரைக்குப் போயிருக்கிறது.
புத்தாண்டுத் தட்டின் உச்சியில் இருக்கிறது...
விடிந்து விருந்தாளி வரும்வரை
அதைத் தொடக்கூடாது."
தொடுங்கள் என்றேன்.
நான்கு கட்டி. இப்போதே. நான் கத்தியிருக்கவேண்டும்,
வார்டில் யாரோ புரண்டார்கள்.

பதினைந்து நிமிடம்.
அவர் மூக்குறிஞ்சுவது கேட்டது.
ஒருமுறை, சம்பந்தமில்லாமல்,
"நட்சத்திரம் நிறைய" என்றார்.
பிறகு விளக்கு: ஐந்து முறை, இடைவெளி, ஒருமுறை.
ஐந்து புள்ளி ஒன்று.
"தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாம்" என்று
சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை.

மார்ச்சில் வந்தார்கள்.
எர்ஹெம்பாயர் முக்கால் சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான்,
செருப்பைக் கழற்றி மறுபடி அளக்கச் சொன்னான், அளந்தேன்.
பில்கூனின் நோட்டைப் புரட்டினேன்.
அப்பாவின் கோணல் எண்கள், மாவுக் கறை,
ஓரத்தில் சிறிதாக: குதிரைக்கு ஒன்று. குதிரைக்கு இரண்டு.

அந்த இரவின் கட்டத்தில்
பூஸ்: பதினொன்று.
மாமா பையன்கள் முன்னால் சொன்ன கணக்கு.
ஊசியும் பதினொன்றுக்கே.

அதன்மேல் பென்சில் கோடு.
பக்கத்தில் அவன் கையெழுத்தில்: ஐந்து.

அப்பா பார்க்கவில்லை,
பை வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.
நோட்டை மூடி அவனிடமே கொடுத்தேன்.
அடுத்து யார், உள்ளே வாங்க.