இடம்புரி

பாலக்கோட்டுத் தக்காளி ஏற்றும் நீலக் கிரேட்டில்தான்
என் வண்டியின் ஸ்டியரிங் வந்து சேர்ந்தது.
அறுபத்து மூணு மாடல் ஃபியட்.
கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே
இத்தனை இரும்பா என்றேன்.
ஜபருல்லா பதில் சொல்லவில்லை.
பென்னாகரம் ரோட்டு ஷெட்டில் சாக்கை விரித்து
ஒவ்வொன்றாய் மண்ணெண்ணெயில் முக்கி வைத்தான்.

சர்வேயர் தந்த தாளில் மூன்று பத்தி:
பாகம். பக்கம். நிலை.
ஆடிப் பதினெட்டுக்குள் நிரப்பித் தரவேண்டும்.

கனமானது பெட்டி. அதில் சந்தேகமில்லை.
இன்னும் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது,
அடிபட்டும் பேச்சை நிறுத்தாத ஆள் மாதிரி.
பெட்டிக்கு அடியில் தொங்குவது ட்ராப் ஆர்ம்.
எதிர்ப்பக்கம், அதே நீளம், அதே வளைவு,
உள்ளே பல் மட்டும் இல்லாதது ஐட்லர்.
"இது எதையும் திருப்பாது மேடம். கூட ஆடும், அவ்வளவுதான்."
எழுதிக்கொண்டேன்.

தொப்பூர் இறக்கத்தில் என் பக்கத்து சீட்டில்
தென்னவன் இருந்ததும் அப்படித்தான்.
நான் திருப்பிய பக்கமெல்லாம் அவன் உடம்பும் சாய்ந்தது.
அவனுக்கு இடது காறை எலும்பு.
எனக்கு ஒரு வளையல்.

நடு ராடு ஒன்று. பக்க ராடு இரண்டு.
ஒரு முனையை எடுத்துத் திருகிப் பார்த்தேன்.
ஏறவில்லை. எண்ணெய் விட்டேன். ஏறவில்லை.
"மாத்திச் சுத்துங்க."
இடப்பக்கம் சுற்றியதும் வழுக்கிக்கொண்டு ஏறியது.
ஒரு முனை வலம்புரி, மறு முனை இடம்புரி;
நடுவிலிருக்கும் ராடைச் சுழற்றினால்
இரண்டும் ஒரே நேரத்தில் நெருங்கும், அல்லது விலகும்.
நாற்பத்தொரு வருஷம் தர்மபுரியில் இருந்து
இந்தப் புரி இன்றைக்குத்தான் புரிந்தது.

நாலு முனையில் மூன்று ஒரே வார்ப்பு.
நாலாவதன் கழுத்து தடிமன். கிரீஸ் நிப்பிள் இல்லை.
கூம்பு ஆடாமல் உட்கார
பிஸ்கட் டப்பாத் தகரத்தை நறுக்கிச் சுற்றியிருந்தார்கள்.
தகரத்தில் பாதி மஞ்சள் பூ இன்னும் அழியாமல்.
"இது ஃபியட்டே இல்ல. ஏதோ ஜீப்போடது."
முறிந்திருந்தது அதுதான்.

யார் போட்டது என்று அவன் கேட்கவில்லை.
பில் என் பையில் இருக்கிறது:
ஓசூர் பழைய சாமான் கடை, முன்னூற்று இருபது ரூபாய்.
வாங்கி வந்தவன் தென்னவன்.
பின்பக்கம் என் கையெழுத்து:
ஒரிஜினல் வேண்டாம், கிடைத்ததைப் போடச் சொல்.

முறிவை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.
விளிம்பிலிருந்து பாதிவரை காப்பித்தூள் நிறம்,
ரொம்ப நாளாய்த் தண்ணீர் குடித்த விரிசல்.
மீதிப் பாதி கல்லுப்பு மாதிரி வெள்ளை.
அது அன்று மாலை நாலேகாலுக்கு உடைந்தது.
"முன்னாடியே விட்டிருந்ததா, மோதினதுல போச்சா?"
"பாதி அது, பாதி இது."
"அப்படி எழுத இதுல இடம் இல்லையே."
"அதுக்கு நான் என்ன பண்ண" என்றபடி
டீ சொல்லப் போனான்.

ஆறு வாரமாய் என் தம்பி சொல்வது:
நீ லேட்டாத் திருப்பினே.
ஆறு வாரமாய் நான் சொல்வது:
திருப்பினேன், வண்டிதான் திரும்பலை.
சுற்றச் சுற்ற விலகிப் போனோம்.

பாகம்: டை ராட் வெளிமுனை, வேறு வண்டியுடையது.
பக்கம்: வலது.
மூன்றாம் பத்தியில் பேனாவை வைத்து எடுத்தேன்.
ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

முறிந்த துண்டை அந்தத் தகரத்தோடு
கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு
நல்லம்பள்ளி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.
மடியில் கனத்தது. மண்ணெண்ணெய் வாசத்துக்கு
பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார்.
மூன்றாம் பத்தியை அவன் எழுதட்டும்.
இடது கைக்காரன்;
கட்டு இன்னும் பிரிக்கவில்லை என்றால்
தாளை நான் பிடித்துக்கொள்கிறேன்.