ரோமுக்குப் போன மணிகள்

வெள்ளிக்கிழமை ஏன் பள்ளிக்கூடம் இல்லை என்று
பின் இருக்கையிலிருந்து கேட்டாள் மயேவா.
என் மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.
"உங்களுக்குத்தான் தெரியுமே அப்பா, சொல்லுங்கள்."

தெரியும்.
விட்டுவந்த வீட்டில்
எந்தப் படி முனகும் என்று
இருட்டிலும் கால் அறிந்திருப்பதைப் போல.

ஒருவரைக் கொன்றார்கள், என்றேன்.
யார் கொன்றது?
அரசாங்கம்.
ஏன்?
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
கியூபெக்கின் ஏப்ரல் மாதத்துப் பனி,
மழையாகவும் துணியாத பனி.
ஏழைகளோடு அதிகம் பேசிவிட்டார், என்றேன்.
சொன்னது யார்?
கேள்வியின் எண்ணைச் சொன்னால்
பதிலைக் கடகடவென்று ஒப்பித்து
ஏழு வருடம் மறைக்கல்விப் பரிசு வாங்கிய
ரொசேர் பெல்சீல்.

"செத்தே போயிட்டாரா?" இது அன்செல்ம், ஐந்து வயது.
ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், என்றேன்.
மகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு
ஹீட்டரைக் கூட்டினாள்.

கோயிலைக் கடந்தோம்.
கோபுரம் அப்படியே நிற்கிறது. உள்ளே இப்போது
பாறை ஏறிப் பழகும் கூடம்.
மயேவா சனிக்கிழமைதோறும்
இடுப்பில் வார் பூட்டிக்கொண்டு
பீடம் இருந்த இடத்திலிருந்து ஏறுகிறாள்.
சம்மனசின் கட்டைவிரலைத் தொட்டேன் தாத்தா,
ஒரே தூசி, என்றாள் ஒருநாள்.
எங்கள் காலத்தில் அவ்வளவு உயரம் யாரும் போனதில்லை.
நாங்கள் முழங்காலில் இருந்தோம்.

அந்த மணி ஏன் அடிப்பதே இல்லை?
பெரிய வியாழன் இரவில் மணிகளெல்லாம்
ரோமுக்குப் பறந்து போகும்,
பாஸ்கா காலையில் திரும்பி வரும்.
என் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.
இது மட்டும் வரலையா?
வரலை.
கோபமா?

அறுபத்திரண்டு, மார்ச்.
அக்கா கிஸ்லேனின் பிள்ளை
இருபது நிமிடம் இருந்தான்.
சாமியாரின் வண்டி பனியில் சிக்கிக்கொண்டது.
எங்களில் ஒருவருக்கும் ஊற்றத் தோன்றவில்லை;
அடுக்களையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது.
தண்ணீர் படாத தலை, ஆகவே வேலிக்கு வெளியே.
காட் மீன் பெட்டி. நான்தான் தூக்கினேன்.
ஒரு ரொட்டியின் கனம்.
அடுத்த ஞாயிறு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு
ஆற்றங்கரைக்கு நடந்தேன்.
அதன்பின் சட்டை தேய்ப்பதையும் விட்டுவிட்டேன்.

இதை அவர்களிடம் சொல்லவில்லை.
மணிக்குக் கால் வலிக்குமாயிருக்கும், என்றேன்.
மணிக்குக் கால் ஏது, என்றான் அன்செல்ம்.

ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு எழுப்பினேன்.
சூரியன் வருமுன், ஓடுகிற நீரில்,
ஓட்டத்துக்கு எதிராக ஜாடியைப் பிடிக்க வேண்டும்,
வாய் திறக்கக் கூடாது.
பூசையை விட்டவன் இதை ஏன் விடவில்லை என்று
எனக்கே சொல்லத் தெரியாது.
பனி உருகி ஓடை சத்தமாய் இருந்தது.
மயேவா மேப்பிள் பாகு ஜாடியைப் பிடித்தாள்.
அன்செல்ம் சறுக்கி, ஒரு பூட்ஸ் முழுக்க நீர் ஏறியது.
இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.
அவன் பிறந்த நாளிலிருந்து
அவ்வளவு நேரம் பேசாமல் நான் பார்த்ததில்லை.

வெளிச்சம் வந்ததும்,
இது புனிதத் தண்ணியா?
குளிர்ந்த தண்ணி.
கெட்டுப் போகாதா?
போகாது என்பார்கள்.
யார்?
கெட்டுப் போகுமுன் செத்துப் போனவர்கள்.

திரும்பும் வழியில் கல்லறையருகே நிறுத்தினேன்.
சாலையை அகலமாக்கியபோது வேலியை எடுத்துவிட்டார்கள்;
உள்ளே எது வெளியே எது என்று
இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.
ஜாடியிலிருந்து ஒரு மூடி அளவு ஊற்றினேன்.
யாருக்கு என்றாள் மயேவா.
உன் அம்மாவின் அத்தை மகனுக்கு.
பெயர்?
வைக்கவில்லை.
அன்செல்ம் ஒற்றைக்காலில் நின்று
பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான்.
"இதுவும் அதே ஓடைதான்."

காரில் ஈரக் காலுறையை ஹீட்டர் மேல் விரித்துவிட்டு,
திங்கட்கிழமையும் லீவா, என்றான்.
ஆமாம்.
அது எதுக்கு?

அது எனக்கு உண்மையிலேயே தெரியாது.