ஒரே ஆள்

பிறப்புச் சான்றிதழில் யோகசோதி.
கடவுச்சீட்டில் யோகஜோதி.
பெல்ஜியத்திலிருந்து கடிதம் கேட்கிறது:
இவர்களில் யார் வருகிறார்?

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பின்னால்
ஒரு கால் ஆடும் மேசை, கடலை வறுக்கும் மணம்.
நஸீர்தீன் ஐயா சத்தியக்கடதாசி தட்டுகிறார்:
"மேற்படி பெயர்கள் இரண்டும்
ஒரே ஆளையே குறிக்கும் என
இத்தால் சத்தியம் செய்து கூறுவதாவது..."
ஆயிரத்து ஐந்நூறு. முத்திரைக்கு வேறு.

என்ன படிக்கப் போறீங்க மகள்?
மெய்யியல். முதுமாணி.
மெய்யா? சிரித்தார்.
இந்த ஊரில மெய்க்குச் சீல் குத்துறது நாங்க தானே.

பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன் நான்:
வாக்குக் கொடுத்தவளும்
அதைக் காப்பாற்ற வேண்டியவளும்
ஒரே ஆள்தானா என்று.
அவருக்கு மூன்று வரி போதுமாயிருந்தது.

*

முப்பத்துநாலு வயதில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு:
கோட்டையில் காப்புறுதிக் கம்பனி, மோட்டார் பிரிவு,
ஒன்பது வருசம்.
"முச்சக்கரவண்டி நின்றுகொண்டிருந்தது,
மதில் வந்து மோதியது."
கையொப்பத்தோடு. படமும் வரைந்து.
முதல் வருசம் சிரித்தேன்.
பிறகு ஒருநாள் மத்தியானம்
சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடியே யோசித்தேன்,
மதில் வரவில்லை என்று
எனக்கு எப்படித் தெரியும்?
கறி ஆறிப்போனது.
எனக்கு அங்கேதான் தொடங்கியது.

வங்கிக் கணக்கில் நாற்பத்திரண்டு லட்சம்.
அதில் என்னுடையது ஏழு.
மிச்சம் மச்சாள் கடனாக அனுப்பியது.
"இருக்கிறது" என்று எழுதித் தருகிறார் முகாமையாளர்.
கிடக்கிறது என்றல்லவா எழுத வேண்டும்.

*

நேர்முகம் இரவு ஒன்பதரைக்கு, மடிக்கணினியில்.
அங்கே அவர்களுக்கு இன்னும் வெயில்.
அடுத்த அறையில் தர்மினி
நாளைய டியூட்டிக்கு வெள்ளைச் சட்டை அழுத்துகிறாள்.
வெள்ளவத்தையின் ஜன்னல் முழுதும் அதிர்ந்தபோது
பேராசிரியர் நிமிர்ந்தார். என்ன சத்தம்?
மாத்தறை ரயில், என்றேன்.
அதற்கங்கால் கடல். அது பேசாமல் இருக்கிறது.

நீங்கள் எந்த மொழியில் சிந்திக்கிறீர்கள்?

காசு எண்ணுவது சிங்களத்தில்,
கோபம் தமிழில்,
சந்தேகம் ஆங்கிலத்தில் என்றேன்.
அழகாக இருந்தது. குறித்துக்கொண்டார்.
பொய்.
"ஓமோ?" என்று எங்கள் பெட்டைகள்
கடைசி எழுத்தை ஓர் இழு இழுப்பார்களே,
அதைவிடப் பெரிய சந்தேகம்
எந்த நூலகத்திலும் இருக்காது.
படுத்த பிறகுதான் இது நினைவுக்கு வந்தது.

*

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவள் என்னைவிட இளையவள்.
பத்து விரல்களையும் வாங்கிக்கொண்டாள்.
சத்தியக்கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
படிப்பு முடிந்ததும்
திரும்பி வருவீர்களா?

பன்னிரண்டு பக்கமும் தொண்டைக்குள் வந்து நின்றது.
யார் திரும்பி வருவது?
இரண்டு பனிக்காலம் தாண்டியவளுக்காக
இன்று வியர்த்துக்கொண்டு நிற்பவள்
எந்த உரிமையில் சொல்வது?

ஓம், என்றேன்.
இழுக்கவில்லை.

*

நூறாம் நம்பர் பஸ். மழை வேறு.
நூறு ரூபாய் நீட்டினேன்.
மிச்சம் பிறகு என்று கையால் காட்டிவிட்டு
கொண்டக்டர் கூட்டத்துக்குள் மறைந்தான்.
கொள்ளுப்பிட்டியில் பாதிப்பேர் இறங்க
அதைவிடக் கூடுதலாக ஏறினார்கள்.
பம்பலப்பிட்டியில் எனக்கு இருக்கை கிடைத்தது,
நனைந்த தலைக்கு மேல் சால்வையைப் போட்டுக்கொண்டேன்.
வெள்ளவத்தைச் சந்தையடியில்
மிச்சத்தை மறந்து இறங்கிவிட்டேன்.

பஸ் நகர்ந்தது.
நகர்ந்த பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து ஒருவன்
பாதி உடல் வெளியே தொங்கக் கத்தினான்:
"நோனா! இத்துரு சல்லி!"

ஈரமான நாற்பது ரூபாய்.
அத்தனை முகங்களுக்குள்
சால்வை போட்ட இவள்தான்
கோட்டையில் ஏறிய அவள் என்று
அவனுக்கு யார்
எழுதிக் கொடுத்தது?