புள்ளி ஒன்று

பத்து மாவுங்கில் முப்பத்துமூன்று டிகிரி.
தரைக்குச் சூடு வைக்க வந்திருக்கிறேன் என்றதும்
காவல்காரர் பதிவேட்டை மூடிவைத்துச் சிரிக்கிறார்.
சிரிக்கட்டும்.

மேலே மீன் உறையப்போகிறது, மைனஸ் இருபத்தைந்தில்.
குளிர் மேலேயே இருந்துகொள்ளாது, அண்ணே.
வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும்.
பனியே பார்க்காத மண்
தன் ஈரம் உறைந்து வீங்கி
முதுகை நிமிர்த்தும்.
ஒரு காலையில் ஃபோர்க்லிஃப்ட் தடுக்கும், கதவு மூடாது.
அதற்குத்தான் இந்தக் கம்பி.
மண்ணுக்கு ஐந்து டிகிரி போதும்.

பக்கத்துப் பழைய கிடங்குக்கு இது தேவைப்படவில்லை.
மலாய் வீடு போலக் குட்டைத் தூண்களில் நிற்கிறது;
அடியில் காற்றும் பூனைகளும் போய்வருகின்றன.

கொடிமலை பங்களாவில் மரத்தரை.
சட்டங்களுக்கு நடுவே அலுமினியத் தகடு பதித்தேன்.
இருபத்தேழைத் தாண்டினால் பலகை வாய் பிளக்கும் என்று
மூன்று தரம் சொன்னேன். அவர் முப்பது வைத்தார்.
இப்போது இடுக்கில் சில்லறை விழுகிறதாம்.
கர்னியில், இருபத்திரண்டாம் மாடியில்,
ஏர்கானைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு
பாத்ரூம் டைல்ஸ் மட்டும் வெதுவெதுப்பாக வேண்டும் என்றார்கள்.
பசைக்குள் வலையை விரித்தேன்,
சென்சாரைத் தனியாக ஒரு குழாயில் விட்டேன்:
முதலில் சாவது அதுதான். உருவி எடுக்க வழி வேண்டும்.

இங்கே உருவ முடியாது.
இதன்மேல் பிளாஸ்டிக் தாள், ஒரு சாண் நுரைப்பலகை,
அதன்மேல் இன்னொரு கான்கிரீட்,
அதன்மேல் சூரை மீன்.

சாணுக்கொரு கட்டாக மொனிருல் கட்டி முடித்தான்.
மீட்டர்: நாற்பத்தாறு புள்ளி எட்டு ஓம்.
உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன்.
இரண்டு பத்துக்கு பம்ப் லோரி வந்தது.
பாதித் தரை நனைந்திருந்தபோது
அலாரம் அலறியது.

கை தூக்கினேன். பம்ப் நின்றது.
"பக்கத்திலேயே ஸ்பேர் லைன் இருக்கே," என்கிறார் தியோ,
"ஊத்து, யாருக்குத் தெரியும்?"
லோரிக்காரன் டிரம்மைச் சுழற்றியபடி
கடிகாரத்தைப் பார்க்கிறான்.
இந்த வெயிலில் சிமெண்ட் யாருக்காகவும் காத்திருக்காது.

எங்கே தோண்டுவது?
நானூறு மீட்டர் கம்பி, சாம்பல் சேற்றுக்குள்.

யாரும் பேசவில்லை.
பிறகு மொனிருல் மண்வெட்டியைக் கீழே வைத்தான்,
முழங்கால்வரை சேற்றில் நேராக நடந்து
ஓரிடத்தில் நின்றான்.
"இங்கே, காக்."
மலாயில் அக்கா. தமிழில் காகம் கரைவது போலிருக்கும்.
அவன் காதுமடல் சிவந்திருந்தது.

கையால் அள்ளினோம், இரண்டு பேரும்.
அறுந்த முனை கிடைத்தது. துடைத்தேன், முடிந்தேன்,
சுருங்குறையைச் சூடுகாட்டி இறுக்கினேன்.
தியோ குடை பிடித்தார்;
மழை இல்லை, என்னவோ தோன்றியிருக்கிறது அவருக்கு.

நாற்பத்தாறு புள்ளி ஒன்பது.

ஊற்றச் சொன்னேன்.

இரவு, சுண்ணாம்பு தின்ற விரல்களைப்
புளிக்காடியில் கழுவிவிட்டு அறிக்கை எழுதினேன்.
கூடிய புள்ளி ஒன்றை எழுதினேன்.
இடத்தையும்: மூன்றாம் தூணிலிருந்து கிழக்கே நாலடி.
யாரால் என்பதற்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.
நானும் போடவில்லை.