படல்

உருகா இரவில் திருடலாம்.
காவல் நிலையத்தில் அதற்கு வழக்கில்லை.
வேலி மூங்கில், விறகு, முட்டைக்கோஸ்,
போகேஸ்வர் வீட்டுக் கோழிக்கூண்டின் கதவு,
ஒரு வாத்து.
விடியலில் எல்லாம் மேஜியோடு எரியும்,
வாத்து மட்டும்
அதற்குமுன் வயிற்றுக்குள் போயிருக்கும்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து இது மூன்றாவது மாக பிஹு.
வடகரையில் வீடு இருந்த இடத்தில்
இப்போது லுயித் ஓடுகிறது.
இரண்டு ஆள் ஆழம் என்றான் படகுக்காரன்.
நான் கேட்கவில்லை,
அவனாகச் சொன்னான்.

முதல் வருடம் எங்களுக்கு வேலியே இல்லை.
இரண்டாம் வருடம் இருந்தது.
பையன்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.
வாசலில் சிரிப்பு நின்றது.
"பாவம், ஆறு எடுத்த குடும்பம்டா"
என்றது ஒரு குரல்.
காலோசை தாண்டிப் போனது.
மறுநாள் எள் பிட்டா சுட்டேன்.
தின்னவில்லை.

இந்த வருடம்
டிம்பேஸ்வர் புது மூங்கிலில் படல் கட்டினார்:
எட்டுக் குறுக்குப்பட்டை, பிரம்பு முடிச்சு,
யானை வந்தாலும் அசையாதாம்.
அவர் குறட்டை விட்டதும் எழுந்துபோய்
இரண்டு முடிச்சைத் தளர்த்தினேன்.
நாயை உள்ளே கட்டினேன்.
வயலில் வைக்கோல் குடிலிலிருந்து
மீன் பொரிக்கும் வாசமும் ஒலிபெருக்கியும்
பனியைத் துளைத்து வந்துகொண்டிருந்தன.
கிடந்தேன், கண்மூடி,
எண்ணிக்கொண்டு. எதை என்று தெரியாது.

இரண்டு மணி இருக்கும்.
மூங்கில் முனகியது.
"மெதுவா இழுடா, சித்தி முழிச்சிருவாங்க."

சித்தி.

திட்டாவிட்டால் அது திருட்டாகாது.
"எவன்டா அது, விளங்காத பயலே!" என்று
தொண்டை கிழியக் கத்தினேன்.
இருட்டில் நாலைந்து சிரிப்பு
படலோடு ஓடியது.
டிம்பேஸ்வர் எழுந்து
நிஜமாகவே திட்டினார்.
மூங்கில் விலை உட்பட.

விடியலில் குளித்து, ஈரத் தலையோடு போனோம்.
மேஜியின் இடுப்பில்
எங்கள் பிரம்பு முடிச்சு தெரிந்தது.
தீ ஏறியது. கணு கணுவாக வெடித்தது.
ஒவ்வொரு வெடிக்கும் அவர் முணுமுணுத்தார்,
"அது என்னுடையது... அதுவும்."
மூன்றாவதில் குரலில் கொஞ்சம் பெருமை.

பனிக்குள் சூரியன்
துலக்காத வெண்கலத் தட்டாக எழுந்தது.
இன்றிலிருந்து வடக்கே நகருமாம்.
வடக்கேதான் எங்கள் பலாமரம் நின்றது.
தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்
அந்தத் தண்ணீர்மேல் இதுவாவது நிற்கட்டும்.

பாதி எரிந்த கட்டை ஒன்றை எடுத்துவந்தோம்,
புதுப் பலாக்கன்றின் அடியில் போட.
படல் இல்லாத வாசலில் நுழைந்து
போகேஸ்வர் வீட்டு மாடு
கடுகை மேய்ந்துகொண்டிருந்தது.

விரட்டினேன்.
உடனே அல்ல.