வருகை: இருநூற்றுப் பதினொன்று

என் படுக்கை விரிப்பில்தான் எழுதியிருந்தான் ஆல்வின்:
இது எங்கள் கோப்பை.
கறுப்புப் பெயின்ட். இடம் போதாமல்
கடைசி எழுத்து ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது.
அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே;
மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு நான் உள்ளே.
இரவுக்கு நாற்பது பவுண்டு.
போகாதே என்று அவனும் சொல்லவில்லை,
போகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

கோடையில் வந்தது அந்தக் கடிதம்.
சீர்திருத்தம் என்று தலைப்பு.
கீழ்ப்பிரிவுக் கிளப்புகளின் கோப்பையில் இனி
பெரிய கிளப்புகளின் சின்னப் பையன்களும் ஆடுவார்களாம்.
அவர்களுக்கு அனுபவம் கிடைக்கும்,
நமக்குப் பணம் கிடைக்கும்,
நாட்டுக்கு நல்ல அணி கிடைக்கும்.
எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கிற கடிதத்தைப் படித்தால்
நான் முதலில் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

கூரைக்காகத்தான் கை தூக்கினேன் என்றார்
தலைவர் பிக்கர்ஸ்கில்.
பொய்யில்லை. மேற்கு ஸ்டாண்டில்
பதினோராம் வரிசை ஒழுகத்தான் செய்கிறது.
ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை ஓட்டியதாம்;
இங்கே ஊர்ப்பிடாரியே கதவைத் திறந்து
ரசீதும் போட்டுக் கொடுத்தது.

நவம்பர். செவ்வாய்.
கார்ல்ஃபோர்த் மலைக்குவாரியிலிருந்து இறங்குகிற காற்று
கல்லை அரைத்த வாசனையோடு வந்தது.
கறுப்புக் கண்ணாடிப் பேருந்து; அதில் சமையல்காரர் வேறு.
எலுமிச்சை நிற ஷூக்கள்.
ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு
'வருகை இருநூற்றுப் பதினொன்று' என்றது.
பெயர் சொல்லியே வாசித்திருக்கலாம்.

பந்து பொறுக்கும் பிள்ளைகளைக்கூட
அம்மாக்கள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.
முப்பதாவது நிமிடம்
கிழக்கு ஸ்டாண்டின் உச்சிக்குப் பறந்தது பந்து.
திருப்பி எறிய ஒரு கை இல்லை.
நான் இடம் விட்டு நகரக் கூடாது, அது விதி.
முதுகில் நாற்பத்து மூன்று எழுதிய பையன்
வேலி தாண்டி ஏறினான்,
காலி நாற்காலிகளின் நடுவே
யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவன் போல.
ஒரு நாற்காலியில் யாரோ மறந்துபோன கையுறை.
அதை எடுத்து, பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

இறங்கும்போது கேட்டான்:
"எப்பவும் இப்படித்தானா?"
"போன சனிக்கிழமை வந்திருந்தா
உனக்கு நிக்கவே இடம் கிடைச்சிருக்காது."
"அப்போ, நாங்க வந்ததாலயா?"
பதினேழு வயதிருக்கும். மேலுதட்டில் மீசை முயற்சி.
"மழை வரும்போல இருந்தது" என்றேன்.
அவன் வானத்தைப் பார்த்தான்.
நட்சத்திரம் இருந்தது.

ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி.
பகலில் பிளம்பர் வேன் ஓட்டுகிற கிராப்ட்ரீ, வயது முப்பத்தாறு,
கோல்கோட்டில் நின்று கைகளை அகட்டினான்.
கடைசி உதை நாற்பத்து மூன்றுடையது.
அடித்தான். இடது பக்கம்.
கிராப்ட்ரீ விழுந்த சத்தம் கேட்டது,
பந்து கையில் பட்ட சத்தமும் கேட்டது,
அவ்வளவு அமைதி.

பிறகு சுவருக்கு வெளியே வெடித்தது.
உள்ளே வரமாட்டோம் என்று சபதம் எடுத்தவர்கள்,
சுவரில் காது வைத்து ஒவ்வொரு உதையாய் எண்ணியவர்கள்,
நானூறு தொண்டைகள்.
கால்கள் சபதத்தைக் காத்தன.
தொண்டையிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லையே.

பையன் நடுவட்டம்வரை நடந்துவந்து நின்றான்,
சத்தம் வரும் பக்கம் திரும்பி.
அவர்கள் அகாடமி மைதானத்தில்
பெற்றோர் கத்தக் கூடாதென்று பலகையே உண்டாம்.
இவ்வளவு பேர் சேர்ந்து தன் தோல்வியைக் கொண்டாடி
அவன் கேட்டதேயில்லை என்று முகம் சொன்னது.
கடிதத்தில் இருந்த அனுபவம் இதுதானோ என்னவோ.

வீட்டில் ஆல்வினுக்குக் குரலே இல்லை.
விரிப்பைக் குளியல் தொட்டியில் போட்டோம்;
தண்ணீர் கறுத்தது, எழுத்து போகவில்லை.
"எத்தனை பேர் சொன்னாங்க?"
"இருநூத்திப் பதினொண்ணு."
"உன்னையும் சேர்த்தா?"
"சம்பளத்துக்கு வந்தவங்களை எண்ண மாட்டாங்க."
தலையாட்டினான். கெட்டிலைத் தட்டிவிட்டான்.
வேறு விரிப்பு இல்லை.
ஈரம் காயும்வரை
இருவரும் உட்கார்ந்திருந்தோம்.